பச்சை எரிந்தாலும் கடிகாரம் ஓடாது: டிராக் பந்தயத்தின் தொடக்கமும் நேரக் கணக்கும்

டிராக் (drag) பந்தயத்தை முதல்முறை பார்க்கிறவர்களைத் திகைக்கவைக்கும் முடிவு ஒன்று உண்டு. இரண்டு கார்கள் பக்கத்துப் பக்கத்துத் தடங்களில் நேராகப் பாய்ந்து முடிக்கின்றன. இடப்பக்கத்துக் கார் 3.720 வினாடியில் ஓடியது என்று பலகை சொல்கிறது. வலப்பக்கத்துக் கார் 3.695 வினாடி. குறைந்த நேரம் வலப்பக்கத்துக்குத்தான். ஆனால் வெற்றி விளக்கு இடப்பக்கத்தில் எரிகிறது.

பலகையில் பிழை ஏதும் இல்லை. இறுதிக் கோட்டை முதலில் தொட்டது இடப்பக்கத்துக் கார்தான். வலப்பக்கத்துக் கார் தூரத்தைக் குறைந்த நேரத்தில் கடந்ததும் உண்மைதான். இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பது புரிந்துவிட்டால் இந்த விளையாட்டில் பாதி புரிந்துவிட்டது என்று சொல்வேன். என்ஜின் சத்தம், டயர்ப் புகை, பாராசூட் எல்லாம் கண்ணையும் காதையும் கட்டிப்போடுகின்றன. ஆட்டத்தின் மூளை இருப்பதோ தொடக்கக் கோட்டின் ஓரத்தில், தரையோடு தரையாகப் பாயும் சில ஒளிக்கற்றைகளில்.

முதலில் அடிப்படை. டிராக் பந்தயத்தில் வளைவு கிடையாது, தளத்தைச் சுற்றிச் சுற்றி வருவதும் கிடையாது. இரண்டு வண்டிகள் நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு, நேர்கோட்டில் குறிப்பிட்ட தூரத்தை ஓடி முடிக்க வேண்டும். தோற்றவர் வெளியேறுவார், வென்றவர் அடுத்த சுற்றுக்குப் போவார். மரபான தூரம் கால் மைல், அதாவது 1,320 அடி. ஏறத்தாழ 402 மீட்டர். அரைக்கால் மைல், அதாவது 660 அடி ஓடும் தளங்களும் அமெரிக்காவில் நிறைய இருக்கின்றன. அங்கே இந்த விளையாட்டின் பெரிய அமைப்பு, 1951-இல் வாலி பார்க்ஸ் தொடங்கிய என்.ஹெச்.ஆர்.ஏ. அதன் மிக வேகமான இரு பிரிவுகளான டாப் ஃபியூயலும் ஃபன்னி காரும் இன்று கால் மைல் ஓடுவதில்லை. 2008 ஜூனில் நியூ ஜெர்சியின் இங்கிலீஷ்டவுனில் தகுதிச் சுற்றின்போது நேர்ந்த விபத்தில் ஸ்காட் கலிட்டா உயிரிழந்தார். கார் நிற்பதற்குக் கூடுதல் இடம் வேண்டும் என்பதால், அடுத்த மாதமே அந்தப் பிரிவுகளுக்கான தூரத்தை 1,000 அடியாகக் குறைத்தார்கள். மேலே சொன்ன 3.7 வினாடிக் கணக்கு இந்த 1,000 அடிக்கானது.

கொடியிலிருந்து மரத்துக்கு

ஆரம்ப ஆண்டுகளில் பந்தயத்தைத் தொடங்கிவைத்தது ஒரு மனிதர். இரு கார்களுக்கும் நடுவில், சற்று முன்னால் கொடியோடு நிற்பார். கொடி அசைந்ததும் கார்கள் அவருடைய இருபுறமும் பாய்ந்து போகும். அவருக்கு அது எவ்வளவு ஆபத்து என்பதைச் சொல்லவே வேண்டாம். அதோடு நியாயம் பற்றிய சிக்கலும் இருந்தது. கொடியை அசைப்பதற்கு ஒரு கணம் முன்பு அவருடைய தோளோ முழங்காலோ லேசாக அசையும். தேர்ந்த ஓட்டுநர்கள் கொடியை விட்டுவிட்டு அந்த அசைவையே கவனித்தார்கள். முன்னால் கிளம்பியவர் யார் என்பதையும் வெறும் கண்ணை நம்பித்தான் தீர்மானிக்க வேண்டியிருந்தது.

1963-இல் என்.ஹெச்.ஆர்.ஏ. பந்தயங்களில் மின்விளக்குக் கம்பம் வந்தது. மேலிருந்து கீழாக வண்ண விளக்குகள் அடுக்கியிருந்ததால் அதற்குக் கிறிஸ்துமஸ் மரம் என்று பெயர் விழுந்தது. இன்று வெறுமனே மரம் என்கிறார்கள். இரண்டு தடங்களுக்கும் நடுவே, கோட்டுக்குச் சற்று முன்னால் அது நிற்கும். ஒவ்வொரு தடத்துக்கும் தனி வரிசை. உச்சியில் ப்ரீ-ஸ்டேஜ், அதற்குக் கீழே ஸ்டேஜ், பிறகு மூன்று மஞ்சள், பச்சை, கடைசியில் சிவப்பு. ஆரம்பத்தில் மஞ்சள் விளக்குகள் ஐந்து இருந்தன; பின்னால் மூன்றாகக் குறைத்தார்கள்.

கோட்டுக்கு வருவது

டயர்களைத் தண்ணீர் தெளித்த இடத்தில் சுழலவிட்டுச் சூடாக்கும் புகைமூட்டம் முடிந்ததும், ஓட்டுநர் அங்குலம் அங்குலமாக முன்னே வருவார். தொலைக்காட்சியில் அலுப்பாகத் தெரியும் இந்த அரை நிமிடத்தைத்தான் நான் மிகவும் விரும்பிப் பார்ப்பேன்.

தடத்தின் குறுக்கே, தரையிலிருந்து சில அங்குல உயரத்தில் இரண்டு ஒளிக்கற்றைகள் பாய்கின்றன. ஒரு பக்கம் ஒளியை உமிழும் கருவி, மறுபக்கம் அதை வாங்கிக்கொள்ளும் உணர்கருவி. முன் டயர் முதல் கற்றையை மறைத்ததும் ப்ரீ-ஸ்டேஜ் விளக்கு எரியும். ‘கோட்டை நெருங்கிவிட்டாய்’ என்று அதற்குப் பொருள். இன்னும் 7 அங்குலம் நகர்ந்தால் இரண்டாவது கற்றை மறையும், ஸ்டேஜ் விளக்கு எரியும். அதுதான் தொடக்கக் கோடு. அப்போது வண்டி தயார்.

இங்கே சில விதிகளும் சில நாகரிகங்களும் உண்டு. கடைசி நகர்வு முன்னோக்கித்தான் இருக்க வேண்டும். கோட்டைத் தாண்டிப் போய்ப் பின்வாங்கி நின்றுகொள்ளக் கூடாது. ஒருவர் ஸ்டேஜ் ஆகி, மற்றவர் ப்ரீ-ஸ்டேஜில் நின்றுவிட்டால், அவருக்குச் சில வினாடிகள்தான் அவகாசம். தானியங்கித் தொடக்கக் கருவி அதைக் கணக்கில் வைத்திருக்கும். எழுதப்படாத மரியாதை ஒன்றும் இருக்கிறது: இருவரும் ப்ரீ-ஸ்டேஜுக்கு வந்து சேரும்வரை யாரும் ஸ்டேஜுக்குள் போவதில்லை. எதிராளியைக் காக்கவைத்து அவர் கவனத்தைக் கலைக்க நினைப்பவர்களும் உண்டு. டர்போ பொருத்திய காரில் அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கும், கிளட்ச் சூடாகிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு வினாடித் தாமதமும் எதிராளியின் வண்டியைச் சோதிக்கும்.

மஞ்சளுக்கும் பச்சைக்கும் நடுவே

இருவரும் ஸ்டேஜ் ஆனதும் மரம் இயங்கத் தொடங்கும். இரண்டு முறைகள் உண்டு. முழு மரம் என்பதில் மூன்று மஞ்சள் விளக்குகளும் அரை வினாடி இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக எரியும். கடைசி மஞ்சளுக்கு அரை வினாடி கழித்துப் பச்சை. தொழில்முறைப் பிரிவுகளில் பயன்படும் ப்ரோ மரத்தில் மூன்று மஞ்சளும் ஒன்றாக எரிந்து, 0.4 வினாடியில் பச்சை வந்துவிடும்.

பச்சை எரிந்த கணத்துக்கும் கார் ஸ்டேஜ் கற்றையை விட்டு வெளியேறிய கணத்துக்கும் இடைப்பட்டதுதான் எதிர்வினை நேரம். சரியாகப் பச்சையோடு வெளியேறினால் 0.000. அதுவே நிறைவான தொடக்கம். ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடி முன்னதாக வெளியேறினாலும் −0.001 என்று பதிவாகிச் சிவப்பு எரியும், பந்தயம் போய்விடும்.

ஓட்டப் பந்தயத்தைத் தெரிந்தவர்களுக்கு இது விநோதமாகப் படலாம். தடகளத்தில் துப்பாக்கிச் சத்தத்துக்கு 0.100 வினாடிக்குள் காலை அசைத்தால் தவறான தொடக்கம். மனிதனால் அவ்வளவு விரைவாகக் கேட்டு இயங்க முடியாது, ஊகித்துத்தான் கிளம்பியிருக்க வேண்டும் என்பது அங்கே விதி. டிராக் பந்தயம் அதற்கு நேர்மாறான முடிவை எடுத்திருக்கிறது. மஞ்சள் எரிந்தபின் பச்சை எப்போது வரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அதைப் பயன்படுத்திக்கொள்வதுதான் திறமை. எனவே பச்சையைப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர் ஏற்கெனவே தோற்றுவிட்டார் என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஏன் என்று பார்ப்போம். கண் ஒளியைக் கண்டு, மூளை கட்டளையிட்டு, கால் அசைய ஏறத்தாழ 0.2 வினாடி ஆகிறது. அதன்பிறகு வண்டி தன் பங்குக்கு நேரம் எடுத்துக்கொள்ளும். கிளட்ச் பிடிக்க வேண்டும், அச்சுகள் முறுக்கேற வேண்டும், டயர் தரையைக் கவ்வ வேண்டும், முன் சக்கரம் கற்றையை விட்டு விலகும் அளவுக்கு உருள வேண்டும். அதற்கு இன்னொரு 0.2 வினாடியோ அதற்கு மேலோ ஆகிவிடும். சாதாரணச் சாலைக் காரில் பச்சைக்காகக் காத்திருந்தால் எதிர்வினை நேரம் அரை வினாடியை எளிதாகத் தொட்டுவிடும். ஆகவே முழு மரத்தில் ஓடுகிறவர்கள் கடைசி மஞ்சளைப் பார்த்துக் கிளம்புகிறார்கள். பச்சை எரிவதற்குள் மீதி அரை வினாடி உடலிலும் இயந்திரத்திலும் செலவாகிவிடும்.

இதிலிருந்து ஓர் எதிர்பாராத விளைவு பிறக்கிறது. மந்தமாகக் கிளம்பும் வண்டிக்குக் கடைசி மஞ்சள் தோதாக அமைந்துவிடும். மிகச் சுறுசுறுப்பான வண்டிக்கோ அதே மஞ்சள் ஆபத்து. அரை வினாடிக்குள்ளேயே வெளியேறிச் சிவப்பு வாங்கிக்கொடுத்துவிடும். அதனால் அனுபவசாலிகள் முன் டயரின் காற்றழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தும், கிளம்பும்போது என்ஜின் சுழற்சியை மாற்றியும், வண்டியின் சுறுசுறுப்பைத் தங்கள் கண்ணுக்கும் காலுக்கும் இணங்கும்படி திருத்திக்கொள்வார்கள். சில பிரிவுகளில் தாமதப் பெட்டி என்ற மின்னணுக் கருவிக்கும் அனுமதி உண்டு. ஓட்டுநர் முதல் மஞ்சளைக் கண்டவுடன் பொத்தானை விடுவார். பெட்டி முன்பே அமைத்த நேரம்வரை பொறுத்திருந்து வண்டியை விடுவிக்கும். உச்சத் தொழில்முறைப் பிரிவுகளில் அதற்கு இடமில்லை.

கடிகாரத்தை ஓடவைப்பது எது?

தொடக்கத்தில் சொன்ன புதிரின் திறவுகோல் இங்கேதான் இருக்கிறது. ஓட்ட நேரத்தை அளக்கும் கடிகாரத்தைப் பச்சை விளக்கு ஓடவைப்பதில்லை. கார்தான் ஓடவைக்கிறது. பச்சை எரிந்த பிறகும் ஒருவர் அசையாமல் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வினாடி நிற்கட்டும். அவருடைய ஓட்ட நேரக் கடிகாரம் பூஜ்யத்திலேயே இருக்கும். முன் டயர் ஸ்டேஜ் கற்றையை விட்டு விலகி, உணர்கருவியின் மீது மீண்டும் ஒளி படும் கணத்தில்தான் அது ஓடத் தொடங்கும். இறுதிக் கோட்டுக் கற்றையை வண்டி மறைக்கும் கணத்தில் நிற்கும். ஒவ்வொரு தடத்துக்கும் தனித்தனிக் கடிகாரம். ஒன்றுக்கு மற்றொன்றைப் பற்றித் தெரியாது.

இப்போது அந்தப் பந்தயத்துக்கு வருவோம். இடப்பக்கத்து ஓட்டுநரின் எதிர்வினை 0.045, ஓட்ட நேரம் 3.720, மொத்தம் 3.765. வலப்பக்கத்து ஓட்டுநரின் எதிர்வினை 0.082, ஓட்ட நேரம் 3.695, மொத்தம் 3.777. பச்சை எரிந்த கணத்திலிருந்து கணக்கிட்டால் இடப்பக்கத்துக் கார் 0.012 வினாடி முன்னால் முடித்திருக்கிறது. மணிக்கு 525 கிலோமீட்டர் வேகத்தில் இறுதிக் கோட்டைத் தொடும் கார்களுக்கு இது ஏறத்தாழ ஒன்றே முக்கால் மீட்டர் இடைவெளி. மெதுவான காரை வைத்துக்கொண்டு தொடக்கத்தின் பலத்தால் வெல்வதை ஹோல்ஷாட் வெற்றி என்பார்கள். ஓட்டுநர்கள் மிகவும் பெருமைப்படும் வெற்றி அது. தோற்ற பக்கத்தில், காரைத் தயார்செய்த குழுவினர் தங்கள் வேலையைச் சரியாகவே செய்திருப்பார்கள். அன்று குறை ஓட்டுநரின் காலில்.

ஏன் இப்படிப் பிரித்து வைத்தார்கள்? பச்சையிலிருந்தே ஒரே கடிகாரமாக ஓடவிட்டால் கணக்கு எளிதாக இருக்காதா? இருக்கும். ஆனால் அப்போது காரைப் பற்றி எதுவும் தெரியாமல் போய்விடும். ஓட்ட நேரம் வண்டியின் தகுதியைச் சொல்கிறது; எதிர்வினை நேரம் மனிதரின் விழிப்பைச் சொல்கிறது. நேற்று வைத்த புதிய டயரால் பயன் உண்டா என்று அறிய விரும்பும் மெக்கானிக்குக்கு, ஓட்டுநர் மரத்தடியில் தூங்கிவிட்டாரா என்ற கவலை தேவையில்லை. விளையாட்டு உலகில் இவ்வளவு சுத்தமாக இயந்திரத்தையும் மனிதரையும் பிரித்து அளக்கும் ஏற்பாடு வேறொன்றை நான் அறியேன்.

முதல் ஓர் அடி

டயர் வட்டமானது. அதன் முன்விளிம்பு கற்றையை மறைக்கும்போது ஸ்டேஜ் விளக்கு எரிகிறது. பின்விளிம்பு கற்றையைத் தாண்டும்போதுதான் கடிகாரம் ஓடுகிறது. இரண்டுக்கும் இடையே டயர் உருள வேண்டிய தூரத்துக்கு ரோல்-அவுட் என்று பெயர். சாதாரண வண்டிகளில் இது ஏறத்தாழ ஓர் அடி. அதாவது கடிகாரம் விழித்துக்கொள்ளும்போது கார் ஏற்கெனவே ஓர் அடி ஓடி, கொஞ்சம் வேகமும் எடுத்திருக்கும்.

இந்த ஓர் அடி டிராக் தளத்தோடு நின்றுவிடவில்லை. அமெரிக்க வாகன இதழ்களும் சில நிறுவனங்களும் கார்களின் பூஜ்யத்திலிருந்து 60 மைல் வேகத்துக்கான நேரத்தைச் சொல்லும்போது, முதல் ஓர் அடிக்கான நேரத்தைக் கழித்துவிடும் வழக்கம் இங்கிருந்து போனதுதான். விளம்பரத்தின் அடியில் சிறிய எழுத்தில் ரோல்-அவுட் கழிக்கப்பட்டது என்று இருந்தால், பத்தில் இரண்டு மூன்று பங்கு வினாடி அங்கே மறைந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

ஸ்டேஜ் கற்றைக்குள் எவ்வளவு தூரம் புகுந்து நிற்பது என்பது ஓட்டுநரின் விருப்பம். ஸ்டேஜ் விளக்கு மினுங்கிய உடனே நின்றுவிட்டால் ரோல்-அவுட் முழுதாகக் கிடைக்கும். கடிகாரம் தொடங்கும்போது வேகம் சற்று அதிகமாக இருக்கும், ஓட்ட நேரம் குறையும். ஆனால் கற்றையை விட்டு வெளியேறத் தாமதமாவதால் எதிர்வினை நேரம் கூடும். இன்னும் சில அங்குலம் முன்னே போனால், டயரின் பின்பகுதி முதல் கற்றையை விட்டு விலகி ப்ரீ-ஸ்டேஜ் விளக்கு அணைந்துவிடும். ஸ்டேஜ் மட்டும் எரியும். இதற்கு டீப் ஸ்டேஜ் என்று பெயர். இப்போது வெளியேற வேண்டிய தூரம் குறைவு. எதிர்வினை நேரம் நன்றாக வரும், ஓட்ட நேரம் மோசமாகும். மொத்தக் கணக்கில் என்ன லாபம் என்று கேட்கலாம். இறுதிக் கோட்டுக்குச் சில அங்குலம் அருகில் நிற்கிறார் என்பது உண்மையான லாபம்தான். அதற்கு ஈடாகச் சிவப்பு விளக்குக்கும் அவ்வளவு அருகில் நிற்கிறார். வண்டி இயல்பிலேயே மந்தமாகக் கிளம்புகிறது என்பவர்களுக்கு இது பொருந்தும். மற்றவர்கள் தவிர்ப்பதே நல்லது என்பது என் எண்ணம்.

ரோல்-அவுட்டை வைத்து ஏமாற்றவும் முடியும். வண்டியின் அடியில் தாழ்வாக ஏதாவது ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால், டயர் போன பிறகும் அது கற்றையை மறைத்துக்கொண்டிருக்கும். உணர்கருவிக்குக் கார் இன்னும் கோட்டிலேயே நிற்பதாகத் தோன்றும்; கார் ஓடிக்கொண்டிருக்கும், கடிகாரம் உறங்கிக்கொண்டிருக்கும். இதைத் தடுக்க, ஸ்டேஜ் கற்றைக்கு 13⅜ அங்குலம் முன்னால் காவல் கற்றை என்று இன்னொன்று வைத்திருக்கிறார்கள். முன் டயர் அதைத் தொட்டுவிட்டால், ஸ்டேஜ் கற்றை மறைந்திருந்தாலும் கார் கிளம்பிவிட்டதாகவே கணக்கு.

மெதுவான கார் வேகமான காரோடு மோதும்போது

இதுவரை சொன்னது ஒரே பிரிவைச் சேர்ந்த, ஏறத்தாழச் சம பலமுள்ள கார்களுக்கு. அமெரிக்காவில் வாரக்கடைசியில் தங்கள் சொந்த வண்டியைக் கொண்டுவந்து ஓடுகிறவர்களில் பெரும்பாலோர் ஓடுவது பிராக்கெட் பந்தயம். என் மனம் சாய்வது இந்தப் பக்கம்தான். பதினோராயிரம் குதிரைத்திறன் கொண்ட டாப் ஃபியூயல் காருக்குப் பெரிய நிறுவனத்தின் பணம் வேண்டும். பிராக்கெட் பந்தயத்தில் தாத்தாவின் பழைய ஸ்டேஷன் வேகனே போதும். அதன் குணம் உங்களுக்குத் தெரிந்திருந்தால் சரி.

ஒவ்வொருவரும் தன் கார் எத்தனை வினாடியில் ஓடும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்ல வேண்டும். அந்த எண்ணைக் கண்ணாடியில் பெரிதாக எழுதிவைப்பார்கள். இதுதான் டயல்-இன். ஒருவருடைய எண் 12.00, மற்றவருடையது 10.50 என்றால், மெதுவான காருக்கு 1.50 வினாடி முன்னதாகவே பச்சை எரியும். இருவரும் சொன்னபடியே ஓடி, ஒரே அளவு விழிப்போடு கிளம்பினால், இறுதிக் கோட்டில் இருவரும் ஒன்றாக வந்து நிற்பார்கள்.

அப்படியானால் வேண்டுமென்றே 13.00 என்று எழுதிவைத்து, அதிகமான முன்தொடக்கம் வாங்கிக்கொண்டு 12 வினாடியில் ஓடிவிடலாமே? முடியாது. சொன்ன எண்ணைவிடக் குறைந்த நேரத்தில் ஓடினால் தோல்வி. அதற்குப் பிரேக்அவுட் என்று பெயர். இருவருமே பிரேக்அவுட் ஆனால், தன் எண்ணை விட்டுக் குறைவாக விலகியவர் வெல்வார். ஆனால் ஒருவர் சிவப்பு வாங்கி, மற்றவர் பிரேக்அவுட் ஆனால், சிவப்பு வாங்கியவர்தான் தோற்றவர். தொடக்கப் பிழையை அவ்வளவு கடுமையாக மதிக்கிறது இந்த ஆட்டம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 12.00 எழுதியவருக்கு எதிர்வினை 0.030, ஓட்ட நேரம் 12.02. சொன்ன எண்ணுக்கு மேல் 0.02, எதிர்வினையோடு சேர்த்து 0.050. 10.50 எழுதியவருக்கு எதிர்வினை 0.060, ஓட்ட நேரம் 10.51, சேர்த்து 0.070. பழைய வண்டிக்காரர் 0.020 வினாடியில் வென்றுவிட்டார். வேகமான கார் மணிக்கு 200 கிலோமீட்டரில் துரத்திவந்தும் ஒரு மீட்டர் சொச்சம் பின்தங்கியது. இரண்டு கார்களும் தங்கள் கணிப்பைவிட நூற்றில் ஒன்றிரண்டு பங்கு வினாடிதான் விலகின என்பதையும், எஞ்சியதையெல்லாம் தீர்மானித்தது தொடக்கக் கோட்டில் 0.030 வினாடி வித்தியாசம் என்பதையும் கவனியுங்கள்.

கணித்துச் சொல்வதும் அவ்வளவு எளிதல்ல. காலையில் குளிர்ந்த, அடர்த்தியான காற்றில் என்ஜின் தெம்பாக இயங்கும். மதியம் வெயில் ஏறக் காற்று மெலிந்து நேரம் நீளும். கடல் மட்டத்தில் சரியாக இருக்கும் எண் மலைப்பகுதித் தளத்தில் செல்லாது. அதனால்தான் இந்த ஓட்டுநர்கள் சிறிய வானிலைக் கருவியும் பல ஆண்டுப் பதிவுக் குறிப்பேடும் வைத்திருக்கிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே, எதிராளியைத் தேவையான அளவு முந்திவிட்டோம், இனியும் அழுத்தினால் பிரேக்அவுட் ஆகிவிடும் என்று தோன்றினால், இறுதிக் கோட்டுக்கு முன்னால் காலை எடுப்பதோ பிரேக்கைத் தொடுவதோ உண்டு. வேகப் பந்தயத்தில் பிரேக் போட்டு வெல்கிறார்கள் என்றால் நம்பச் சிரமமாக இருக்கும். ஆனால் வாரந்தோறும் நடப்பதுதான்.

முன்தொடக்க முறையில் ஒரு நெருடலும் இருக்கிறது. மெதுவான கார் முதலில் கிளம்புகிறது. அது சிவப்பு வாங்கினால், பழைய முறைப்படி பந்தயம் அந்தக் கணமே முடிந்துவிடும். பின்னால் கிளம்பும் வேகமான கார் அதைவிட மோசமாக முந்திக்கொண்டு கிளம்பினாலும் வெற்றி அதற்குத்தான். இது நியாயமில்லை என்று பல காலமாகக் குரல் எழுந்தது. இப்போது பல தளங்களில் இரு கார்களும் கிளம்பும்வரை கணினி காத்திருந்து, யாருடைய பிழை பெரிதோ அவருக்கே சிவப்பு கொடுக்கிறது. மெதுவான காரின் பக்கம் நின்று பார்க்கிற எனக்கு இது நிறைவளித்த மாற்றம்.

சீட்டைப் படிப்பது

ஓட்டம் முடிந்து திரும்பும் பாதையில் ஒரு சிறிய கூண்டிலிருந்து நேரச் சீட்டு தருவார்கள். தளத்தில் 60, 330, 660, 1,000, 1,320 அடிகளில் கற்றைகள் இருக்கும். ஒவ்வொன்றையும் எப்போது கடந்தீர்கள் என்று அதில் அச்சாகியிருக்கும். ஒரு சாதாரண வேகச் சாலைக் காரின் சீட்டு இப்படி இருக்கலாம்: எதிர்வினை 0.248, 60 அடியில் 2.01 வினாடி, 330 அடியில் 5.71, 660 அடியில் 8.74, 1,000 அடியில் 11.34, கால் மைலில் 13.53, வேகம் மணிக்கு 102 மைல்.

புதியவர்கள் கடைசி எண்ணைத்தான் முதலில் தேடுவார்கள். அனுபவசாலியின் கண் 60 அடியில் நிற்கும். கிளம்பிய வேகம், டயரின் பிடிப்பு, கிளட்சை விட்ட விதம் எல்லாம் அந்த ஒரே எண்ணில் அடங்கியிருக்கின்றன. அங்கே பத்தில் ஒரு பங்கு வினாடி மிச்சம் பிடித்தால், கால் மைல் முடிவில் அதைவிட ஒன்றரை மடங்கோ அதற்கு மேலோ மிச்சமாகும் என்பது பந்தயக்காரர்களின் கணக்கு. முன்கூட்டிக் கிடைத்த வேகத்தை வண்டி மீதித் தூரம் முழுதும் சுமந்துகொண்டு ஓடுகிறது அல்லவா. டாப் ஃபியூயல் கார்கள் அந்த 60 அடியை ஒரு வினாடிக்கும் குறைவாக, 0.85 வினாடிக்குப் பக்கத்தில் கடந்துவிடுகின்றன. 2019-இல் பென்சில்வேனியாவின் மேப்பிள் குரோவ் தளத்தில் பிரிட்டனி ஃபோர்ஸ் 1,000 அடியை 3.623 வினாடியில் ஓடியபோதும் அந்த முதல் எட்டில்தான் ஓட்டம் உருவானது.

வேகம் என்று அச்சாகும் எண்ணுக்கும் ஒரு விளக்கம் தேவை. அது இறுதிக் கோட்டைத் தொட்ட கணத்தின் வேகமல்ல. கோட்டுக்கு முந்தைய 66 அடியைக் கடந்த சராசரி வேகம். முன்பு கோட்டுக்கு அப்பாலும் 66 அடி வரை அளந்தார்கள். அதிக வேகம் காட்டவேண்டும் என்று ஓட்டுநர்கள் கோட்டைத் தாண்டியும் ஆக்ஸிலரேட்டரை அழுத்தியே வைத்திருந்தார்கள். நிற்க வேண்டிய தூரம் சுருங்கியது. அதனால் பின்பாதியை நீக்கிவிட்டார்கள். ஓட்ட நேரமும் வேகமும் ஒத்துப்போகாதபோதுதான் சீட்டு சுவையாகிறது. வேகம் நன்றாக இருந்து நேரம் மட்டும் நீண்டிருந்தால், என்ஜினில் சக்தி இருக்கிறது, கிளம்பும்போது டயர் வழுக்கிவிட்டது என்று பொருள். 60 அடி எண் அதை உறுதிசெய்யும்.

நம் பக்கத்தில் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தில் மோட்டார் சைக்கிள்களுக்கான தேசிய டிராக் பந்தயங்கள் நடந்திருக்கின்றன. பைக்கில் கூடுதலாக ஒன்றைக் கவனிக்கலாம். கிளம்பும்போது முன் சக்கரம் தரையை விட்டு எழுந்தால், உருண்டு வெளியேறுவதற்கு முன்பே கற்றை விடுபட்டுக் கடிகாரம் சீக்கிரமே ஓடத் தொடங்கிவிடும். எதிர்வினை நேரம் குறைந்து, ஓட்ட நேரம் கூடும். அப்படி ஒரு பந்தயத்துக்குப் போக வாய்த்தால் முதல் சில ஓட்டங்களில் வண்டிகளைப் பின்தொடர்ந்து பார்க்காதீர்கள். கோட்டருகே இடம்பிடித்து, மரத்தின் மேல் இரண்டு விளக்குகளையும் முன் சக்கரத்தையும் மட்டும் பாருங்கள். யார் மெல்ல மினுங்கவைத்து நிற்கிறார், யார் உள்ளே புகுந்து நிற்கிறார், யாரைக் காக்கவைக்கிறார்கள் என்பது தெரியும். பிறகு பலகையைப் பார்த்து, எதிர்வினையையும் ஓட்ட நேரத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள்.